மூன்று மைக், ஒரு நூல்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்களுக்குள் பேச்சு என்பது கல்யாண வீடுகளிலும் துக்க வீடுகளிலும் நடக்கும் நலவிசாரிப்போடு முடிந்துவிடுவது. எனவே திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்றே நினைத்தேன்.

“தம்பி, செட்டை வித்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறாங்க. அதுக்குள்ள ஒரு வாட்டி பதிவு பண்ணிக் குடுப்பியா?”

டிரம்ஸ் வாசிப்பவர்கள் தம் வாத்தியத்தைச் ‘செட்’ என்றுதான் சொல்வார்கள். குடியிருந்த கீழ்த்தள வீட்டைக் காலி செய்துவிட்டு அம்பத்தூரில் மகளுடைய மூன்றாவது மாடிக் குடியிருப்புக்குப் போகிறாராம். அங்கே செட்டுக்கு இடமும் இல்லை, அந்தச் சத்தத்துக்கு அனுமதியும் இல்லை. நான் சரி என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்.

“ஒண்ணு மட்டும். மைக் கொஞ்சமா வை.”

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

*

அவர் பெரம்பூர்க்காரர். பகலில் பணிமனை வேலை, இரவில் மெல்லிசைக் குழு. 1983இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா என்று வாசித்தவர். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன்தான் அவருக்குக் குரு. ஒரு முறைகூட நேரில் பேசியதில்லை. ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டே கற்றுக்கொண்ட பாடம் அது. நான் பள்ளிச் சிறுவனாக மேடைக்குப் பின்புறம் நின்று வேடிக்கை பார்த்த காலத்தில், சிம்பல்கள் இருந்த பையைத் தூக்கிவர எனக்கு அனுமதி தந்தவர் அவர். பித்தளைத் தட்டு இவ்வளவு கனக்குமா என்று வியந்தது நினைவிருக்கிறது.

பிறகு ஆக்டபேட் வந்தது. ஒரு பெட்டிக்குள் அடங்கும் கருவி, எட்டு ரப்பர்ப் பட்டைகள், டோலக்கும் தபலாவும் டிரம்ஸும் ஒரே ஆள் கையில். வேனில் ஓர் இருக்கை மிச்சமாகும்போது குழு நடத்துபவர் வேறென்ன முடிவெடுப்பார்? இவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிப்பதோடு நின்றுகொண்டார்.

2008இல் நான் கணினியும் ஒலிப்பதிவு மென்பொருளும் வாங்கிப் புதிதாகக் கிறங்கிக் கிடந்தேன். ஒரு பக்திப் பாடல் தொகுப்பைப் பதிவு செய்யும் பொறுப்பு வந்தது. டிரம்ஸுக்கு இவரைத் தவிர வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கூடத்தில், செட்டைச் சுற்றிப் பதினொரு மைக்குகளை நிறுத்தினேன். பேஸ் டிரம்முக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்று டாம்களுக்கும் ஒவ்வொன்று. ஹை-ஹாட்டுக்கு ஒன்று, ரைடு சிம்பலுக்கு ஒன்று. தலைக்கு மேலே இரண்டு. அவர் அந்தக் காட்டுக்குள் புகுந்து உட்கார்ந்து, “ஊசி போடப் போறாப்ல இருக்கு” என்றார்.

ஐந்து பாடல்களை நான்கு மணி நேரத்தில் வாசித்து முடித்தார். வீட்டுக்கு வந்து கோப்புகளைத் திறந்தபோது திரையில் பதினொரு வரிசையாக அலைவடிவங்கள். ஒவ்வோர் அடியும் எங்கே விழுந்திருக்கிறது என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்ததுதான் வினை. அதுவரை காதுக்கு நன்றாக இருந்த வாசிப்பில் கண்ணுக்குப் பிழைகள் தென்படத் தொடங்கின. இந்த அடி கொஞ்சம் முந்திவிட்டது, அந்த அடி கொஞ்சம் பிந்திவிட்டது. ஒவ்வொன்றையும் வெட்டி நகர்த்திக் கட்டங்களின் கோட்டில் ஒட்டினேன். அடிகள் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை என்று தோன்றியபோது, விலைக்கு வாங்கிவைத்திருந்த வேறொரு ஸ்னேரின் ஒலியை அவருடைய அடிகளின் இடத்தில் பதித்தேன். பேஸ் டிரம்முக்கும் அப்படியே. மூன்று இரவுகள் இந்த வேலை நடந்தது. இவற்றில் எதையும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

குறுந்தகடு வெளிவந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எதிரிலேயே போட்டுக் கேட்டார். இரண்டு பாடல்கள் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லா இருக்குப்பா. யாரு வாசிச்சது?”

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

*

ஒரு டிரம் செட்டுக்கு எத்தனை மைக் தேவை என்பது ஒலிப்பதிவுக்காரர்கள் நடுவே தீராத வழக்கு. எண்ணிக்கை கூடியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் லண்டனிலேயே நான்கு தடங்கள் கொண்ட நாடாவில்தான் ஒரு குழு முழுவதையும் பதிந்தாக வேண்டியிருந்தது. டிரம்ஸுக்குப் பெரும்பாலும் ஒரு தடத்துக்கு மேல் கிடைக்காது. அந்த ஒரு தடத்துக்குள் எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைப் பதியும்போதே தீர்மானித்துவிட வேண்டும். 1970களில் இருபத்துநான்கு தட இயந்திரங்கள் பரவின. தடம் இருந்தால் மைக்கும் வரும். முடிவைத் தள்ளிப்போடும் வசதியும் கூடவே வரும். இப்போது கணினியில் தடங்களுக்குக் கணக்கே இல்லை.

மிக அருகே மைக் வைப்பதன் பயன் பெரியது. 1966இல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ இசைத்தட்டுப் பதிவின்போது, ஜெஃப் எமெரிக் என்ற இருபது வயது ஒலிப்பதிவாளர் ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை அதன் முகத்தருகே கொண்டுபோனார். காற்றழுத்தம் மைக்கைப் பாழாக்கிவிடும் என்பதால் அந்தக் கூடத்தில் அது விதிமீறல். ஆனால் கிடைத்த கனமான, குறுகிய, நெஞ்சில் குத்தும் ஒலியை உலகம் விரும்பியது. பேஸ் டிரம்முக்குள் போர்வையோ தலையணையோ வைப்பது இன்றைக்குச் சாதாரணமான வழக்கம். எங்கள் அண்ணன் பழைய இரயில்வே கம்பளி ஒன்றை வைத்திருந்தார்.

ஆனால் அருகே வைத்த மைக் கேட்பது எந்த மனிதக் காதும் கேட்டிராத ஒன்று. ஸ்னேரின் தோலுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் காதை வைத்து யாரும் டிரம்ஸ் கேட்பதில்லை. பதினொரு மைக்குகளும் பதினொரு துண்டுகளைப் பிடித்துக்கொடுக்கின்றன. பிறகு அவற்றைக் கொண்டு ஒரு செட்டை நாமே கட்டியெழுப்புகிறோம். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு மைக் வைக்கிறோம் என்பதற்காக அதை இரண்டு வாத்தியங்கள் என்று யாரும் நினைப்பதில்லை. டிரம் செட்டைப் பொறுத்தவரை அந்த மறதி எளிதில் நேர்ந்துவிடுகிறது. எட்டு வாத்தியங்களை ஓர் ஆள் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். வாசிப்பவருக்கு அது ஒரே வாத்தியம். ஹை-ஹாட்டை எவ்வளவு மெல்லத் தொட்டால் ஸ்னேர் மேலெழும் என்ற கணக்கு அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது.

மூன்றோ நான்கோ மைக்குகளில் இந்தக் கணக்கை அப்படியே பிடித்தவர்களில் அதிகம் பேசப்படுபவர் கிளின் ஜான்ஸ். 1968 இலையுதிர்காலத்தில் லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் இருந்த ஒலிம்பிக் கூடத்தில் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தவர். டிரம்ஸ் ஜான் பானம். டிரம்ஸுக்கு வைத்திருந்த மைக்குகளில் ஒன்றைக் கிட்டார் பதிவுக்காக எடுத்து ஸ்டீரியோவின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கியிருந்தாராம். திரும்ப டிரம்ஸிடம் கொண்டுவந்து வைத்தபோது அந்த ஒதுக்கத்தை மாற்ற மறந்துவிட்டார். ஒலிபெருக்கியில் டிரம்ஸ் திடீரென அகலமாக விரிந்து கேட்டது. மற்ற மைக்கை எதிர்ப்பக்கம் ஒதுக்கிப் பார்த்தார். அந்தத் தற்செயல்தான் இன்று அவர் பெயரால் வழங்கும் முறையாயிற்று.

முறை எளிது. ஸ்னேருக்கு நேர் மேலே, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மைக். வாசிப்பவரின் வலப்பக்கம், ஃப்ளோர் டாமைத் தாண்டி, ஹை-ஹாட்டை நோக்கிப் பார்த்தபடி இன்னொன்று. பேஸ் டிரம்முக்கு முன்னால் மூன்றாவது. தேவைப்பட்டால் ஸ்னேர் அருகே நான்காவது. முதல் இரண்டு மைக்குகளும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையில்தான் உயிர் இருக்கிறது.

ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணம் செய்கிறது. ஒரு மைக் இன்னொன்றைவிடப் பதினேழு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், அதே அடி அங்கே அரை மில்லி வினாடி தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் கலக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றில் மேடாகவும் மற்றதில் பள்ளமாகவும் அமைந்து ஒன்றையொன்று அழிக்கும். 3000, 5000 என்று மேலும் பல இடங்களில் இதே அழிவு நிகழும். வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள்போல் இருக்கும். காதுக்கு அது ஸ்னேரின் சதை உருவப்பட்டு எலும்பு மட்டும் நிற்பதுபோல் கேட்கும். மைக்குகள் கூடக்கூட இத்தகைய மோதல்களும் கூடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குறைவான மைக் என்பது சிக்கனம் மட்டுமே என்று எண்ணுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே குழுவின் நான்காவது இசைத்தட்டில் இன்னும் துணிந்த ஓர் உதாரணம் உண்டு. கிளின் ஜான்ஸின் தம்பி ஆண்டி ஜான்ஸ், ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் நுழைவுக் கூடத்தில் பானத்தின் செட்டை வைத்து, மாடிப்படிகளின் மேலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். 1971இல் வெளிவந்த ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ பாடலின் தொடக்கத்தில் கேட்கும் இடி அந்தப் படிக்கட்டின் ஒலி. பிறகு எதிரொலிக் கருவியும் ஒலியழுத்தியும் அதற்கு உதவின. ஆனாலும் முதல் வேலையைச் செய்தவை பானத்தின் கால்களும் அந்த வீட்டின் உயரமும்தான்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மூன்று மைக் போதும் என்று கிளம்பிவிடலாகாது. ஒலிம்பிக் போன்ற உயர்ந்த கூடமும் பானமும் நமக்கு வாய்ப்பதில்லை. தூரத்தில் நிற்கும் மைக் அறையையும் சேர்த்தே கேட்கும். அறை மோசமென்றால் பதிவும் மோசம். எனக்குத் தெம்பளித்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண்பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் ஹாக்கென்ஸாக்கில் தம் பெற்றோரின் வீட்டுக் கூடத்திலேயே 1950களின் மகத்தான ஜாஸ் பதிவுகள் பலவற்றைச் செய்தவர். வீட்டுக் கூடம் என்பது குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

அந்தச் சனிக்கிழமை நான் கொண்டுபோனவை ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கண்டென்சர் மைக்குகள், ஒரு டைனமிக் மைக், நான்கு உள்ளீடுகள் கொண்ட ஒரு சிறு கருவி, மடிக்கணினி, ஒரு ஜோடி ஒலிபெருக்கிகள்.

கூடம் பன்னிரண்டடிக்குப் பதினான்கடி. ஒன்பதடி உயரக் கான்கிரீட் கூரை. சுவர்களில் இருந்த நாட்காட்டியும் குடும்பப் படங்களும் ஏற்கெனவே கழற்றப்பட்டு மூட்டை கட்டப்பட்டிருந்தன. வெறும் சுவர். கைதட்டிப் பார்த்தேன், சுவரிலிருந்து ‘ட்ரிங்’ என்று திரும்பி வந்தது. நல்லவேளையாக, வீடு மாற்றுவதற்காகச் சுருட்டி வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கு இருந்தன. இரண்டை எதிரெதிர்ச் சுவர்களில் சாய்த்தோம், ஒன்றை மூலையில் நிறுத்தினோம். நான்காவதைக் கூரையில் எப்படிக் கட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் மின்விசிறிக் கொக்கியிலிருந்து சன்னல் கம்பிக்குக் கொடிக்கயிற்றை இழுத்து அதன்மேல் ஒரு தடித்த ஜமுக்காளத்தை மடித்துப் போட்டார். மின்விசிறி எப்படியும் ஓடக்கூடாது. சித்திரை மாதத்துச் சென்னையில் விசிறி இல்லாத அறையில் டிரம்ஸ் வாசிப்பது எப்படியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மைக்குகளைக் கண்ணளவில் வைத்தேன். அவர் ஒரு நிமிடம் வாசித்தார். ஹெட்ஃபோனில் கேட்டபோது ஸ்னேர் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க முயன்றேன்.

“என்னப்பா?”

பழைய பழக்கம் முந்திக்கொண்டது. “ஒண்ணுமில்லண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஆனால் அப்புறம் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. மூன்று தடங்கள்தாம். ஸ்னேரைத் தனியாகப் பிடித்த மைக் கிடையாது. வேறு ஒலியை எங்கும் ஒட்ட முடியாது. எந்த இடத்தில் வெட்டினாலும் சிம்பலின் வாலும் சேர்ந்தே அறுபடும்.

“ஸ்னேர் நல்லா வரலண்ணே” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். கையில் தையல் நூல்கண்டோடு திரும்பி வந்தார். “இதுக்குத்தானே தூரம் பாக்கணும்னு சொன்ன?” மைக் வைக்கும்போது நான் முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கியிருக்கிறார்.

நூலின் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் தம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் மேலே இருந்த மைக் வரை இழுத்து, அளவில் ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு அதே நூலை ஃப்ளோர் டாமுக்கு அப்பால் இருந்த மைக்குக்குக் கொண்டுபோனேன். முடிச்சு மைக்கைத் தொடவில்லை. ஒரு சாண் குறைந்தது. ஸ்டாண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினேன். விரலை எடுக்காமல், “வா, வா, இன்னும் கொஞ்சம், நில்லு” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இல்லாமல் செய்ய முடியாத வேலை அது. 2008இல் நான் இருந்த அறையில் இரண்டாவது ஆளே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மறுபடி வாசித்தார். ஸ்னேருக்குச் சதை வந்திருந்தது. பேஸ் டிரம் மைக்கின் துருவத்தை மாற்றிக் கேட்டேன், கால் அடி இன்னும் கனத்தது. ஆனால் ஹை-ஹாட் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து சலசலத்துக்கொண்டிருந்தது. பதினொரு மைக் இருந்தால் ஹை-ஹாட்டைக் கொஞ்சமாவது அடக்கலாம். இங்கே அதற்கென்று திருகக் குமிழ் கிடையாது.

சொல்வதற்குத் தயங்கினேன். நாற்பது ஆண்டுகளாக வாசிப்பவர், என்னைச் சிம்பல் பை தூக்கவிட்டவர், அவரிடம் போய் எப்படிச் சொல்வது? ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

“அண்ணே, ஹை-ஹாட் கொஞ்சம் அதிகமா விழுது. ஸ்னேர் கொஞ்சம் கம்மியா இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குச்சியின் தோள் பகுதியால் அடித்துக்கொண்டிருந்ததை மாற்றி, நுனியால் தொட்டார். ஸ்டூலை ஓர் அங்குலம் பின்னுக்கு நகர்த்தினார். வாசித்தார். ஹை-ஹாட் இறங்கி, ஸ்னேரின் பின்னால் போய் நின்றது. எந்த மென்பொருளும் செய்ய முடியாத அளவுக்குத் துல்லியமாக, நான்கு வினாடிகளில் நடந்துவிட்டது.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

வாசித்துக்கொண்டேதான் சொன்னார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

அவர் வாசிப்பை நிறுத்தியதும் நானே சொன்னேன். அடிகளை நகர்த்தியதை, ஒலிகளை மாற்றியதை, மூன்று இரவுகளை. மன்னிப்புக் கேட்கும் முறையில் சொல்ல வரவில்லை. வரிசையாகக் கணக்கு ஒப்புவிப்பதுபோல் சொல்லி முடித்தேன்.

“தெரியும்பா” என்றார். “மூணாவது பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு அடி விட்டேன். வேணும்னுதான் விட்டேன். பாடுற பொண்ணு மூச்சு எடுக்கிற எடம் அது. சி.டி.யில கேட்டா அங்க அடி இருக்கு.”

எனக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. திரையில் ஒரு கட்டம் காலியாகத் தெரிந்தது. விட்டுப்போன அடி என்று நினைத்து நான் நிரப்பினேன். நிரப்பிவிட்டுக் கடமையைச் செய்த திருப்தியோடு அடுத்த வரிசைக்குப் போனேன்.

*

ஒலிப்பதிவுக் கருவிகள் மீது பழிபோட இதை நான் எழுதவில்லை. பதினொரு மைக் வைத்துக்கொண்டும் வாசிப்பவரிடம் பேசலாம். பேசும் நல்ல ஒலிப்பதிவாளர்கள் பலர் உண்டு. பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து ஒலிக்கும் டிரம்ஸுக்கு மூன்று மைக் போதாமல் போகும் சந்தர்ப்பங்களும் நிறைய. ஆனால் நிறைய மைக் இருக்கும்போது பேசாமலிருக்கவும் முடிகிறது. பிடிக்காத ஒன்றை எதிரில் இருப்பவரிடம் சொல்லும் சங்கடத்திலிருந்து அவை நம்மைக் காப்பாற்றிவிடுகின்றன. அவர் வீட்டுக்குப் போன பிறகு, அவர் அறியாமல், அவரைத் திருத்தலாம். அதை மரியாதை என்றுகூட நான் அந்நாளில் நினைத்திருக்கிறேன். மூன்று மைக் இருக்கும்போது அந்தக் கதவு மூடிவிடுகிறது. ஒலி சரியில்லை என்றால் மைக்கை நகர்த்த வேண்டும், இல்லையென்றால் அவரிடம் சொல்ல வேண்டும்.

அன்று மதியம்வரை பதினான்கு முறை பதிந்தோம். பெரம்பூரில் இரயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நல்ல வாசிப்பு பாதியில் இருக்கும்போது மின்சார இரயிலின் ஊதல் வந்து விழும். தள்ளி நிற்கும் மைக்குகளுக்கு எல்லாம் கேட்கும். எதிர் வீட்டுக் குக்கரின் மூன்று விசில்களும் ஒரு பதிவில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவர் குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டு, வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இரயில் போவதற்காகக் காத்திருந்தார். அலுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அவர் நாற்பது ஆண்டுகளாக இரயிலுக்கு இடம்விட்டு வாசித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கடைசிப் பதிவு ஆறு நிமிடம். பாட்டு எதுவும் இல்லை, டிரம்ஸ் மட்டும். மெல்லிசை மேடையில் இடைவேளைக்குப் பின் கூட்டத்தை அமைதிப்படுத்த வாசிக்கும் தனியை விரிவாக்கிக்கொண்டார். நடுவில் ஓரிடத்தில் குச்சி டாமின் விளிம்பில் பட்டு ஒரு மரச் சத்தம் எழுந்தது. முடிந்ததும் நிமிர்ந்து, “அது இருக்கட்டும்” என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எடுத்தாலும் எடுக்க முடியாது என்று சொன்னேன். “அது நல்லதாப் போச்சு” என்றார்.

அவருடைய மனைவி தேநீர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். மீதமிருந்த பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார் போலும், தாள் கசங்கும் சத்தம் கேட்டது. நான் ஒலிபெருக்கிகளைச் செட் இருந்த திசையிலேயே வைத்து, மூன்று தடங்களையும் அப்படியே, எதுவும் சேர்க்காமல் ஓடவிட்டேன். ஒரு மைக்கைச் சற்று வலப்புறம், ஒன்றை இடப்புறம், பேஸ் டிரம்மை நடுவில். அவ்வளவுதான் நான் செய்த கலவை. ஒலியளவை அவர் கையாலேயே கூட்டிக்கொண்டார்.

முதலில் ஸ்டூலின் கிறீச்சிடல் கேட்டது. பிறகு அவர் வாய்க்குள் எண்ணும் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு வாசிப்பு.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“போதுங்க. மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? பக்கத்து வீட்டுல கொழந்தை தூங்குது.”

அவர் பதில் சொல்லவில்லை. கையில் தேநீர் டம்ளரோடு செட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மனைவி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தார். காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினேன். அந்த அம்மாள் வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, கட்டிவைத்திருந்த மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.